பனிமலைக்கு எந்த பேன்ட்? முதல்முறை கேதார்கண்டா போகிறவர்களுக்கு

டிசம்பர் பிறந்தால் போதும், நண்பர்கள் குழுவில் யாராவது ஒருவர் இமயமலையின் கேதார்கண்டா ட்ரெக் பேச்சை எடுப்பார். ரயில் டிக்கெட் போட்டாகிவிடும், ஜாக்கெட் எது, ஷூ எது என்று ஆளாளுக்குத் தேடிக்கொண்டிருப்பார்கள், பேன்ட் மட்டும் கிளம்புவதற்கு முதல் நாள் வரை யார் நினைவுக்கும் வராது. கடைசியில் இருக்கிற ஜீன்ஸையோ ஜிம்முக்குப் போடும் டிராக் பேன்ட்டையோ பையில் திணித்துக்கொண்டு போவார்கள். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ முதல்முறை பனியில் நடக்கக் கிளம்புகிற ஒருவர் இடுப்புக்குக் கீழே என்னென்ன எடுத்துப் போக வேண்டும், எதை வாங்கலாம், எதற்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்று வரிசையாகச் சொல்கிறேன். கேதார்கண்டாவை வைத்துச் சொன்னாலும் பிரம்மதால், குவாரி பாஸ் போன்ற குளிர்கால ட்ரெக்குகளுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

1. அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று பாருங்கள்

உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கிறது இந்த மலை. டேராடூனிலிருந்து ஒரு பகல் முழுக்க வண்டியில் போனால் சாங்க்ரி கிராமம், உயரம் 1,900 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. உச்சி சுமார் 3,800 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பதால், சாங்க்ரிக்கும் உச்சிக்கும் இடையில் மட்டுமே ஏறத்தாழ 12 டிகிரி வித்தியாசம் வந்துவிடும், காற்று தனி. ஊட்டியில் ஜனவரி விடியலில் புல் மேல் உறைபனி பார்த்தவர்கள் ‘அந்தக் குளிர்தானே’ என்று நினைப்பார்கள். ஊட்டியில் ஒன்பது மணிக்கு வெயில் வந்துவிடும், முடியவில்லை என்றால் அறைக்குள் போய்ப் போர்த்திக்கொள்ளலாம். இங்கே ராத்திரி முழுக்க டென்ட்டில், பூஜ்யத்துக்குக் கீழே, பெரும்பாலும் பனி மேலேயே படுக்கை.

ஆனால் பகலில் நடக்கும்போது கால் குளிராது. புதிதாகப் போகிறவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். பை சுமந்து காட்டுக்குள் ஏறும்போது உடம்பிலேயே அதிகம் உழைப்பது தொடைத் தசைதான், பத்து நிமிடத்தில் வியர்க்க ஆரம்பித்துவிடும். அப்புறம் ஜூடா கா தாலாப் ஏரிப் பக்கம் கேம்ப்புக்கு வந்து உட்கார்ந்து, சாயங்காலம் வெயில் மலைக்குப் பின்னால் போனதும், அதே கால் வெடவெடவென்று நடுங்கும். உச்சி ஏறும் நாளில் அதிகாலை இரண்டு மூன்று மணிக்கே தலைவிளக்கோடு கிளம்புவார்கள், அந்த நேரத்துக் குளிர் இன்னொரு ரகம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே போட்டிருக்கும் ஜாக்கெட்டை நடந்துகொண்டே கழற்றலாம், மாட்டலாம், ஜிப்பைத் திறந்து விடலாம். காலுக்கு அந்த வசதி கிடையாது. உள்ளே போட்ட தெர்மலைக் கழற்ற வேண்டும் என்றால் கெய்ட்டரை (ஷூவுக்குள் பனி போகாமல் கீழ்க்காலைச் சுற்றிக் கட்டும் உறை) அவிழ்த்து, ஷூவைக் கழற்றி, பேன்ட்டைக் கழற்றி, பனியில் சாக்ஸோடு நிற்க வேண்டும், அதுவும் இருபது பேர் பார்க்க. யாரும் செய்ய மாட்டார்கள், வியர்வையில் ஊறிக்கொண்டே நடப்பார்கள். ஆகவே காலுக்கு என்ன போடுவது என்பதைக் காலையில் டென்ட்டுக்குள்ளேயே முடிவு செய்தாக வேண்டும், அந்த முடிவு மாலை வரை தாங்க வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இதை ஒட்டித்தான்.

2. அலமாரியில் இருப்பதில் எதெல்லாம் ஆகாது

ஜீன்ஸ் ஆகாது. ஏன் என்று பத்து பேரில் ஒன்பது பேர் கேட்பார்கள், தடியாகத்தானே இருக்கிறது என்பார்கள். தடிமன் பிரச்சினை இல்லை, பருத்திதான் பிரச்சினை. நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி எதனால் சுகமாக இருக்கிறதோ அதே காரணத்தால்தான் பனியில் அது உதவாது: வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், மெதுவாக உலரும், உலர உலர உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும், அதனால் ஈரத் துணி ஒட்டிய கால் சும்மா நின்றாலே குளிர்ந்துவிடும். நனைந்த ஜீன்ஸ் ராத்திரியில் டென்ட்டில் உலராது, உறையும். காலையில் அது விறைத்துத் தகடு மாதிரி நிற்கும், அதற்குள் காலை விட வேண்டியதுதான்.

பருத்தி டிராக் பேன்ட், கார்கோ, பருத்தி லெக்கிங்ஸ் எல்லாவற்றுக்கும் இதே தீர்ப்பு. ஜிம்முக்குப் போடும் பாலியெஸ்டர் டிராக் பேன்ட் இவற்றைவிடப் பரவாயில்லை, சீக்கிரம் உலரும், ஆனால் காற்று உள்ளே புகுந்து வெளியே போகும், உட்கார்ந்து எழுந்தால் பனி ஒட்டிக்கொண்டு உருகும். சாங்க்ரி விடுதியில் போட்டுக்கொள்ள வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலில் ஜிப் வைத்து அரைக்கால் சட்டையாக மாற்றிக்கொள்ளும் பேன்ட் ஒன்று பலரிடம் இருக்கும். கோடையில் நல்ல பொருள். பனியில் அந்த ஜிப் ஓடும் இடம் முழுக்கக் காற்று நுழையும், ஏறும்போது முழங்காலுக்கு மேலே உரசிக்கொண்டே இருக்கும். வேண்டாம்.

கைலி எடுத்துப் போகலாமா என்று கேட்பவர்களும் உண்டு. தாராளமாக. டென்ட்டில் உடை மாற்றும்போது மறைப்புக்கு உதவும், அவ்வளவுதான்.

3. உள்ளே போடும் தெர்மல்: இரண்டு வாங்குங்கள்

லேபிளைத் திருப்பிப் பார்க்காமல் தெர்மல் வாங்காதீர்கள். அட்டைப்பெட்டி மேல் பனிமலைப் படம் இருக்கும், உள்ளே பாதிக்கு மேல் பருத்தி இருக்கும். டெல்லி குளிரில் வீட்டுக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க அது போதும், மலை ஏற அல்ல. பாலியெஸ்டரோடு கொஞ்சம் எலாஸ்டேன் என்னும் நீளும் இழை கலந்தது, அல்லது மெரினோ கம்பளி, இந்த இரண்டில் ஒன்று. பாலியெஸ்டர் தன் எடையில் ஒரு சதவீதம்கூட ஈரத்தை இழைக்குள் இழுக்காது, மலிவு, துவைத்தால் உடனே உலரும், மூன்றாம் நாள் நாற்றம் மட்டும் சகிக்காது. மெரினோ நாறாது, கொஞ்சம் ஈரமானாலும் கதகதப்பு விடாது, விலைதான் கையைக் கடிக்கும். முதல் ட்ரெக்குக்கு மெரினோ தேவையே இல்லை என்பது என் கட்சி. அந்தப் பணத்தை வெளி பேன்ட்டில் போடுங்கள்.

இரண்டு ஏன் என்றால், ஒன்று நடக்க, ஒன்று தூங்க. தூங்குவதற்கு வைத்திருப்பதை எந்தக் காரணம் கொண்டும் நடக்கும்போது போடாதீர்கள், அது கடைசி இரவு வரை உலர்ந்தே இருக்க வேண்டும். பெட்டி பெட்டியாகத் துணி எடுத்துப் போகிறவர்கள்கூட இந்த ஒரு விதியை மட்டும் மீறி, ஈரத் தெர்மலோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழைந்து விடிய விடிய விழித்திருப்பார்கள்.

சரி, நடக்கும்போது தெர்மல் எப்போது? முதல் நாள் சாங்க்ரியிலிருந்து ஏறும்போது பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம், வெளி பேன்ட் மட்டும் போதும். டென்ட்டை விட்டு வெளியே வந்ததும் ‘கொஞ்சம் குளிருதே’ என்று தோன்றினால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். நின்ற இடத்திலேயே கதகதப்பாக இருந்தால் அரை மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டும். உச்சி ஏறும் அதிகாலையில் மட்டும் யோசிக்காமல் தெர்மல் போட்டுவிடுங்கள்.

4. வெளி பேன்ட்: பணத்தை இங்கே போடுங்கள்

கடைகளில் ட்ரெக்கிங் பேன்ட் என்று நிறைய தொங்கும். உங்களுக்கு வேண்டியது சாஃப்ட்ஷெல் வகை: நைலானோ பாலியெஸ்டரோ நெருக்கமாக நெய்து, எலாஸ்டேன் கலந்து இழுத்தால் நீளும்படி, மேலே தண்ணீர் ஒட்டாத பூச்சு கொடுத்திருப்பார்கள். உள்பக்கம் லேசாகப் பஞ்சு மாதிரி வருடிவிட்டிருந்தால் குளிர்காலத்துக்கு இன்னும் நல்லது. முழுக்க மழை தாங்காது. காற்றையும் தூவும் பனியையும் தடுக்கும், வியர்வையை வெளியே விடும், அது போதும். டெகாத்லானின் கெச்சுவா வரிசையில் பனிநடைக்கு என்றே இந்த மாதிரி பேன்ட்டுகள் வரும், சென்னை, கோவை கடைகளில் கிடைக்கும். அதே குணங்கள் இருந்தால் வேறு எந்த நிறுவனமானாலும் சரிதான்.

துணியைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. தொடைப் பக்கத் துணியை வாயில் ஒட்டி வைத்து ஊதுங்கள். காற்று தங்குதடையில்லாமல் அந்தப் பக்கம் போனால் மலைக்காற்றும் அப்படித்தான் உள்ளே வரும். கொஞ்சமும் போகவில்லை என்றால் வியர்வையும் வெளியேறச் சிரமப்படும். அழுத்தி ஊதினால் லேசாகக் கசிகிறதே, அந்தத் துணிதான் நமக்கு வேண்டியது.

போட்டுப் பார்ப்பதை அவசரப்படாமல் செய்யுங்கள். இதற்காகவே வீட்டிலிருந்து தெர்மலைக் கையோடு எடுத்துப் போய், அதன் மேல் பேன்ட்டை மாட்டிப் பாருங்கள். சென்னையில் எந்தக் குளிர்கால பேன்ட்டைப் போட்டாலும் வேகத்தான் வேகும், அதை வைத்துக் கதகதப்பை எடை போட முடியாது. அசைவை மட்டும் கவனியுங்கள். ட்ரையல் ரூமில் இருக்கும் ஸ்டூல் மேல் ஒரு காலைத் தூக்கி வையுங்கள். முழங்காலில் துணி இறுக்கிப் பிடித்தாலோ, கவட்டில் இழுத்தாலோ, அந்த பேன்ட்டோடு முட்டளவுப் பனியில் நூறு முறை காலைத் தூக்கி வைக்க முடியாது. நல்ல பேன்ட்டில் கவட்டில் ஒரு சாய்சதுரத் துண்டு தனியாகத் தைத்திருப்பார்கள், முழங்கால் பக்கம் லேசாக மடங்கிய வாக்கில் வெட்டியிருப்பார்கள். அடுத்து, குத்துக்காலிட்டு முழுசாக உட்காருங்கள். கேம்ப்பில் கழிப்பறை என்பது பனியில் தோண்டிய குழியும் சுற்றி ஒரு சின்ன டென்ட்டும்தான், அங்கே இப்படித்தான் உட்கார வேண்டும். உட்காரும்போது பின்பக்கம் இடுப்பு கீழே இறங்கி முதுகு தெரிந்தால் அந்த வழியாகப் பனி நுழையும். பின்பக்கம் சற்று உயர்த்தி வெட்டிய இடுப்பாகப் பாருங்கள்.

மூன்றாவதாக, பையை மாட்டிப் பார்க்க வேண்டும். இதை யாருமே செய்வதில்லை. ட்ரெக்கிங் பையின் இடுப்புப் பட்டை உங்கள் பேன்ட்டின் இடுப்பு மேலேயேதான் உட்காரும். பேன்ட்டில் தடித்த நாடா முடிச்சோ, உலோகப் பக்கிளோ, பக்கவாட்டில் கெட்டியான வார் சரிசெய்யும் பிளாஸ்டிக்கோ இருந்தால், இடுப்பு எலும்புக்கும் பைக்கும் நடுவில் அது மாட்டிக்கொண்டு அழுத்தும். கடையிலேயே ஒரு பையை எடுத்து ஏழெட்டுக் கிலோ ஏதாவது போட்டு, பட்டையை இறுக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்து பாருங்கள். தட்டையான எலாஸ்டிக் இடுப்பு இதில் எப்போதும் ஜெயிக்கும். தோல் பெல்ட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நீளம் நம் ஆட்களுக்குத் தொல்லை. ஐரோப்பிய அளவில் வெட்டிய பேன்ட்டுகள் இடுப்புக்குச் சரியாக இருந்தால் காலுக்கு நாலு விரல் கூடுதலாக இருக்கும். பனியில் தொங்கும் விளிம்பு ஷூவுக்கடியில் போகும், பனியில் வழுக்காமல் இருக்க ஷூவுக்கடியில் மாட்டும் மைக்ரோஸ்பைக்கின் முள்ளில் மாட்டிக் கிழியும், சில நேரம் ஆளையே தள்ளிவிடும். தெருமுனை டைலரிடம் கொடுத்து வெட்டலாம், ஆனால் விளிம்பில் ஜிப்போ இழுக்கும் நாடாவோ இருந்தால் அதோடு போய்விடும். அப்படிப்பட்டதில் குட்டை நீள அளவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கணுக்கால் உள்பக்கத்தில் தடித்த துணி ஒட்டுப் போட்டிருந்தால் நல்லது, எதிர்க்காலின் முள் உரசும் இடம் அது.

பாக்கெட்டுக்கெல்லாம் ஜிப் இருக்க வேண்டும். பனியில் விழுந்து எழும்போது திறந்த பாக்கெட் நிறையப் பனி அள்ளிக்கொள்ளும், போன் அதிலேயே இருந்தால் அதுவும் குளிக்கும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை கூடுதலாக. நாடா, பட்டன், கொக்கி, ஜிப் என்று நாலு பூட்டு போட்ட இடுப்பு, ராத்திரி இரண்டு மணிக்குக் கையுறையோடு பனியில் நிற்கும்போது எவ்வளவு எரிச்சல் தரும் என்று கடையில் தெரியாது. தெர்மலும் வெளி பேன்ட்டும் ஒரே இழுப்பில் சேர்ந்து இறங்குகிற மாதிரி எலாஸ்டிக் இடுப்பாக எடுங்கள், மேலே கொஞ்சம் நீளமான தெர்மல் டாப் போட்டுக்கொள்ளுங்கள். உள்பக்கம் தனி ஜிப் பாக்கெட் உள்ளதாகக் கிடைத்தால் நாப்கின் வைக்க வசதி.

5. அதற்கும் மேலே ஒரு ரெயின் பேன்ட்

டிசம்பர், ஜனவரியில் பனி பெரும்பாலும் உலர்ந்த பொடியாக இருக்கும், தட்டினால் உதிரும். மார்ச், ஏப்ரலில் மதியத்துக்கு மேல் அதே பனி இளகிச் சொதசொதவென்று ஆகிவிடும், அப்போதுதான் நனைவது. அதனால் நீங்கள் போகும் மாதத்தைப் பொறுத்து இதன் அவசியம் மாறும், ஆனால் எந்த மாதமானாலும் பைக்குள் ஒன்று இருக்கட்டும், எடை பெரிதாக இருக்காது. தண்ணீர் தாங்கும் அளவை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். 10,000 இருந்தால் பனியில் உட்கார்ந்து எழுவதற்கும் தாங்கும். தையல்களின் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள், இல்லையென்றால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

இதில் கண்டிப்பாக வேண்டியது பக்கவாட்டு ஜிப், குறைந்தது முழங்கால் வரை, முடிந்தால் இடுப்பு வரை. ஷூவைக் கழற்றாமலே மாட்டலாம், கழற்றலாம், சூடாகிவிட்டால் திறந்து விட்டுக் காற்று வாங்கலாம். ட்ரெக் நடுவில் காலுக்கு மாற்றிக்கொள்ள முடிகிற ஒரே துணி இதுதான். உச்சியில் காற்று அடிக்கும்போது சாஃப்ட்ஷெல் மேல் இதை மாட்டினால் குளிர் பாதியாகக் குறையும். இறங்கும்போது எல்லாரும் சின்னப்பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்து சறுக்குவார்கள், நீங்களும் சறுக்கத்தான் போகிறீர்கள். அதற்கு முன்பு இதைப் போட்டுக்கொள்ளுங்கள், ஸ்பைக்கைக் கழற்றிவிட்டு வழிகாட்டி சரி என்ற இடத்தில் மட்டும் சறுக்குங்கள். முள் பனியில் மாட்டினால் கணுக்கால் திரும்பிவிடும்.

கெய்ட்டர் வாங்க வேண்டாம், பெரும்பாலான ட்ரெக் நிறுவனங்களே கொடுத்துவிடும், சாங்க்ரியில் வாடகைக்கும் கிடைக்கும்.

6. கேம்ப்பில் உட்கார

ஃப்ளீஸ் (கம்பளி போல மெத்தென்ற பாலியெஸ்டர் துணி) பேன்ட் ஒன்று போதும். தெர்மல் மேல் ஃப்ளீஸ், அதன் மேல் ரெயின் பேன்ட், இந்த மூன்றோடு சாப்பாட்டு டென்ட்டில் அரட்டை அடிக்கலாம். இறகு அடைத்த பேன்ட் இருக்கிறது, அருமையாகத்தான் இருக்கும், நாலு நாள் கேதார்கண்டாவுக்கு அது ஆடம்பரம். சாதர் மாதிரி லடாக்கின் உறைந்த ஆற்றில் நடக்கப் போனால் அப்போது யோசிக்கலாம். ஸ்கீயிங் பேன்ட்டும் வேண்டாம். மணாலி பக்கம் சாலையோரக் கடைகளில் வாடகைக்குத் தரும் மொத்தமான பனி உடுப்பும் வேண்டாம். அவை நின்று விளையாட, படம் எடுக்க. ஏறினால் உள்ளே வெந்துவிடுவீர்கள்.

ஃப்ளீஸ், நைலான், பாலியெஸ்டர் எதுவுமே நெருப்புக்கு ஆகாது. சாங்க்ரியில் விறகு அடுப்பைச் சுற்றி உட்காரும்போது ஒரு பொறி பட்டால் போதும், புதுப் பேன்ட்டில் ஓட்டை உருகிவிடும். ஒரு கை தள்ளியே உட்காருங்கள்.

7. கிளம்புவதற்கு முன்னும், அங்கே போனபின்னும்

வாங்கியதைப் பையில் போட்டு நேராக மலைக்குப் போகாதீர்கள். விடியற்காலையில் வெளி பேன்ட்டைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள், வியர்க்கும், வியர்க்கட்டும், எங்கே உரசுகிறது என்று அப்போதுதான் தெரியும். உரசும் இடம் தெரிந்தால் மாற்ற நேரம் இருக்கும், பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

மலையில் டென்ட்டுக்குள் நுழையும் முன் வாசலிலேயே உட்கார்ந்து பேன்ட்டில் ஒட்டிய பனியைக் கையால் தட்டி உதிர்த்துவிடுங்கள். உள்ளே கொண்டுபோனால் உருகி ஊறும், ராத்திரி உறையும். லேசாக ஈரமான பேன்ட்டை மடித்து ஸ்லீப்பிங் பேக்குக்கு அடியில் விரித்தால் விறைக்காமலாவது இருக்கும். சொட்டச் சொட்ட நனைந்ததை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்து உலர்த்தப் பார்க்காதீர்கள், பேக்கும் நனைந்து இரண்டும் கெட்டுவிடும். தொடையின் முன்பக்கமும் முழங்காலும் காற்றில் மரத்துப்போகலாம், உச்சியில் நின்று படம் எடுக்கும்போது அந்த இடங்களைக் கையால் பொத்திக் கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதும் துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி துணி மென்மையாக்கும் திரவம் மட்டும் வேண்டாம், அது தண்ணீர் ஒட்டாத பூச்சைக் கெடுத்துவிடும். கொஞ்சமாகத் திரவ சோப்பு போட்டு, இரண்டு முறை அலசி, நிழலில் காயப் போடுங்கள். காய்ந்தபின் தொடைப் பக்கம் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் பூச்சு இருக்கிறது. பரவி ஊறினால் லேபிளில் இஸ்திரிக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மேலே ஒரு மெல்லிய துணி விரித்து மிதமான சூட்டில் ஒருமுறை தேய்த்தெடுங்கள், பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். அப்படியும் வரவில்லை என்றால் அதற்கென்று ஸ்பிரே கிடைக்கிறது, அடுத்த குளிர்காலத்துக்கு முன்னால் அடித்தால் போதும்.